மீட்டர் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்: தோட்டப் பட்டணத்தில் மின்சார வழக்கு நடத்த வரும் இளம் வழக்கறிஞருக்கு

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்பூட்டில் கடைவீட்டு மாடி ஒன்றில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் படியேறி வருகிறவர்கள் பெரும்பாலும் நில மாற்றம், சாலை விபத்து, அப்பா விட்டுப்போன சொத்து என்று ஏதாவது ஒன்றுக்காக வருவார்கள். மாதத்தில் ஒன்றிரண்டு பேர் மட்டும் உட்கார்ந்ததும் எதுவும் பேசாமல் மின் நிறுவனத்தின் கடிதம் ஒன்றை மேசையில் வைப்பார்கள். மீட்டர் சிதைக்கப்பட்டிருந்தது, அதனால் இத்தனை ஆண்டு மின்சாரம் குறைவாகப் பதிவானது, இத்தனை ஆயிரம் வெள்ளி கட்டவேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். செம்பனைக் குலை வெட்டி ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் அதை நீட்டியபோது முதலில் சொன்ன வாக்கியம், "ஐயா, நான் திருடன் இல்லை" என்பதுதான். பணத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கவே அரைமணி நேரம் ஆனது.

ஒன்பது மாதப் பயிற்சி முடித்து, பட்டம் ஏற்று, பெரிய நகரத்தை விட்டு இப்படிப்பட்ட பட்டணத்துக்கு வருகிற இளம் வழக்கறிஞர்களுக்காக இதை எழுதுகிறேன். எரிசக்தித் துறை வழக்கு என்றாலே கோலாலம்பூரில் மின்நிலைய ஒப்பந்தங்களையும் நடுவர் மன்றங்களையும் கவனிக்கும் பெரிய நிறுவனங்கள்தான் நினைவுக்கு வரும். தோட்டப்புறத்துக்கும் இந்தத் துறைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கோலகங்சாருக்கு வடக்கே பேரா ஆற்றில் உள்ள செண்டரோ அணை 1930இல் மின்சாரம் தரத் தொடங்கியது. இன்று நாட்டின் பெரிய மின் உற்பத்தி நிறுவனங்களில் ஒன்றான மலாக்கோஃப் தோட்ட நிறுவனமாகத் தொடங்கியதுதான். அணையும் தோட்டமும் மின் உற்பத்தியைப் பெற்றெடுத்த மண்ணில், அதன் வழக்குகளை நடத்தத் தெரிந்தவர்கள் குறைவாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

1. கடிதத்தையும் உறையையும் சேர்த்து வாங்குங்கள்

கட்சிக்காரர் கதை சொல்லட்டும், குறுக்கிடாதீர்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் தேதிகளை மட்டும் எழுதுங்கள். சோதனைக்கு ஆட்கள் வந்த நாள், மீட்டர் மாற்றிய நாள், கடிதத்தில் அச்சான நாள், கடிதம் கைக்கு வந்த நாள். கடைசி இரண்டுக்கும் இடையே இரண்டு வாரம் கூட ஓடியிருக்கும், ஏனென்றால் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு வரும் தபால் தோட்ட அலுவலகத்தில் தங்கி வருவதுண்டு. உறையில் உள்ள தபால் முத்திரை அது அனுப்பப்பட்ட நாளையாவது காட்டும். உறையை எறிந்துவிடாதீர்கள் என்று ஊர்க் கூட்டங்களில் பேசக் கிடைக்கும் வாய்ப்பிலெல்லாம் சொல்லி வருகிறேன்.

மின்கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பத்துக்கு ஆறு வீட்டிலாவது இறந்துபோன அப்பாவின் பெயரிலோ வீட்டை விற்றுவிட்டுப் போன பழைய உரிமையாளரின் பெயரிலோ இருக்கும். கோரிக்கை யார்மேல் வரவேண்டும் என்ற கேள்வியே அங்கிருந்துதான் பிறக்கிறது. வாடகைக்கு விட்ட கடை என்றால் வாடகை ஒப்பந்தத்தையும் கேளுங்கள்.

2. மூன்று கயிறுகளைப் பிரியுங்கள்

இப்படிப்பட்ட மீட்டர் கோரிக்கை 1990ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு 37, 38 ஆகிய இரண்டு பிரிவுகளையும் மெதுவாகப் படியுங்கள். கட்சிக்காரரின் மனத்தில் ஒரே முடிச்சாக இருப்பவை அங்கே மூன்று தனித்தனி விஷயங்கள்.

முதலாவது குற்றம். மீட்டரைச் சிதைப்பதும் நேர்மையற்ற முறையில் மின்சாரம் எடுப்பதும் 37ஆம் பிரிவின் கீழ் குற்றங்கள். அதற்கு அரசுத் தரப்பு குற்றம் சாட்டவேண்டும், ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டும். இரண்டாவது, மின்சாரத்தைத் துண்டிக்கும் அதிகாரம். குற்றம் நடந்ததற்கான சான்று இருப்பதாக மின் நிறுவனத்தின் ஊழியர் கருதினால், அறிவிப்புக் கொடுத்து 38ஆம் பிரிவின் கீழ் துண்டிக்கலாம். அந்த அவகாசம் மணிக்கணக்கில் எண்ணப்படுவது, ஆகவே அப்படிப்பட்ட அறிவிப்போடு வருகிறவரைத் திங்கட்கிழமை வரச்சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மூன்றாவது, இழந்த வருவாயைத் திரும்பக் கேட்கும் உரிமை. நம்மிடம் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகை.

இந்த மூன்றாவதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். "நான் மீட்டரைத் தொடவே இல்லை" என்ற பதில் குற்ற வழக்கில் முக்கியமான தற்காப்பு. பணக் கோரிக்கையில் அது மட்டும் போதாது. யார் கை வைத்தார்கள் என்பதை நிறுவனம் காட்டவேண்டியதில்லை, மீட்டர் சிதைக்கப்பட்டதையும் அதனால் இழப்பு ஏற்பட்டதையும் காட்டினால் போதும் என்ற நிலையைத்தான் நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்து வந்திருக்கின்றன. இதைக் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லவேண்டும்: இந்தப் பணத்தைக் கட்டச் சொல்வது அவரைத் திருடன் என்று தீர்ப்பளிப்பதாகாது. அந்த ஓய்வுபெற்ற தொழிலாளி இதைக் கேட்ட பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நம் மக்களுக்குக் கடன் பெரிய சுமைதான், அவப்பெயர் அதைவிடப் பெரிய சுமை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நம் தொழிலின் பகுதி என்றே நான் கருதுகிறேன்.

துண்டிப்பைப் பற்றி ஒரு தீர்ப்பைக் கட்டாயம் படியுங்கள். டபிள்யூ.ஆர்.பி. ஏசியா பசிஃபிக் என்ற கையுறை உற்பத்தி நிறுவனம் மின் நிறுவனமான தெனாகா நேஷனலுக்கு எதிராக, நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போன வழக்கு அது. மலாயன் லா ஜர்னல் 2012, நான்காம் தொகுதி, 296ஆம் பக்கம். மீட்டர் சரிசெய்யப்பட்டுவிட்ட பிறகு, பாக்கியை வசூலிக்கும் அழுத்தமாக 38ஆம் பிரிவின் துண்டிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்பது அதன் சாரம். ரப்பர் கையுறைத் தொழிற்சாலை பெற்ற தீர்ப்பு லயத்து வீட்டுக்கும் செல்லும். ஆனால் சட்டம் 2015இல் திருத்தப்பட்டது. சோதனை நடந்த தேதியில் நடைமுறையில் இருந்த வாசகத்தை எடுத்துப் படித்த பிறகே எந்தத் தீர்ப்பையும் மேற்கோள் காட்டுங்கள்.

3. மீட்டருக்கு முன்னால் போய் நில்லுங்கள்

அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே இந்த வழக்கை வெல்ல முடியாது. கடிதம் வந்த வாரத்திலேயே வீட்டுக்குப் போங்கள். மீட்டர் பலகை வாசலில் இருக்கிறதா, பொதுவழியில் இருக்கிறதா, வேலி உண்டா, பக்கத்து வீட்டுக்காரர் கைநீட்டினால் எட்டுமா என்று பார்த்துப் படம் எடுங்கள். பழைய லய வரிசைகளில் ஒரே சுவரில் நான்கைந்து மீட்டர்கள் தொங்கும். அந்தப் படம் நீதிபதிக்கு ஆயிரம் சொல் சொல்லும். முத்திரையையோ கம்பியையோ நீங்களும் தொடாதீர்கள், கட்சிக்காரரையும் தொடவிடாதீர்கள்.

எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் உள்ள சாதனங்களை அவர் ஒவ்வொன்றாகக் குறித்துத் தரவேண்டும். இந்தப் பட்டியல்தான் என் அனுபவத்தில் பல வழக்குகளின் முதுகெலும்பு. 800 வாட் எடுக்கும், அறையைக் குளிர்விக்கும் ஏர்கோன் இரவில் 8 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 6.4 யூனிட், மாதத்துக்கு 192 யூனிட். குளிர்பதனப் பெட்டி, விசிறிகள், விளக்குகள், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு அறை வீட்டில் எல்லாவற்றையும் ஓடவிட்டாலும் மாதம் 400 யூனிட்டைத் தாண்டாது என்றால், 900 யூனிட் அளவில் கணக்கிட்ட கோரிக்கையைக் கேள்வி கேட்க உங்களிடம் ஓர் அடித்தளம் இருக்கிறது. தாண்டுகிறது என்றால் அதையும் ஒளிக்காமல் கட்சிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே குறைவாகப் பதிவாகியிருக்கலாம்.

கடை, பட்டறை, ஐஸ் தயாரிக்கும் இடம் என்றால் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் மின்சாரம். அதில் ஒரு ஃபேஸ் மீட்டரில் பதிவாகாமல் போனால், சுமை சமமாகப் பகிரப்பட்டிருக்கும் பட்சத்தில், மூன்றில் இரண்டு பங்குதான் காட்டும். உண்மையான பயன்பாடு, பதிவானதைப்போல் ஒன்றரை மடங்கு. கோரிக்கை அதற்கு மேல் இருந்தால் ஏன் என்று கேட்கலாம். சுமை சமமாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு மாறும், எந்த ஃபேஸில் எந்த இயந்திரம் ஓடுகிறது என்பதை மின்பணியாளர் எழுதித் தரட்டும். இயற்பியல் எனக்குப் பள்ளியோடு முடிந்துவிட்டது என்று விலகாதீர்கள். எதிர்த்தரப்புச் சாட்சி பொறியாளராக இருப்பார். அவரிடம் கேட்கவேண்டியது சட்டக் கேள்வியாக இருக்காது.

4. பில்களை அட்டவணையாக்குங்கள்

சோதனைக்கு முந்தைய மூன்று நான்கு ஆண்டுகள், சோதனைக்குப் பிந்தைய ஆறு மாதங்கள். பழைய பில்கள் கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் முகப்பில் கேட்டு வாங்கலாம். புதிய ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டிருந்தால் நாள் வாரியான பயன்பாடே செயலியில் தெரியும்.

மாதம், யூனிட், தொகை என்று மூன்று நிரல் போட்டு, நான்காவது நிரலில் குடும்பத்தின் கதையை எழுதுங்கள். மகள் படிக்கப் போனது, பேரன் பிறந்தது, பெரியவர் மருத்துவமனையில் கிடந்தது, தைப்பூசத்துக்கு உறவினர் கூட்டம் தங்கியது. கோரிக்கைக் கணக்கு பொதுவாக, பயன்பாடு "திடீரென விழுந்த" மாதத்தைத் தொடக்கமாக எடுக்கும். அந்த மாதத்தில்தான் மூன்று பிள்ளைகள் வேலைக்காகச் சிங்கப்பூருக்கும் கிள்ளானுக்கும் போனார்கள் என்று நான்காவது நிரல் காட்டினால், தொடக்கத் தேதியே ஆட்டம் காணும். புது மீட்டர் வந்த பிறகும் பயன்பாடு அதே அளவில் இருந்தால் அதைவிட வலுவான தற்காப்பு வேறில்லை. ஏறியிருந்தால் அது எதிர்த்தரப்பின் சிறந்த ஆயுதம், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

இழப்புத் தொகையைக் குறிப்பிட்டு நிறுவனம் சான்றளிக்கும் எழுத்து அறிக்கைக்கு 38ஆம் பிரிவு முதல்நோக்குச் சான்று என்ற தகுதியைத் தருகிறது. மறுக்கப்படும்வரை அது நிற்கும், மறுத்து உடைக்க வழியுண்டு என்பதே அதன் பொருள். இந்த அட்டவணையும் சாதனப் பட்டியலும்தான் உடைக்கும் உளி.

5. மலாயில் ஒரு கடிதம்

சுருக்கமாக எழுதுங்கள். சோதனைப் படிவம், எடுத்த படங்கள், கழற்றிய மீட்டரின் பரிசோதனை அறிக்கை, கணக்கிட்ட முறை ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். கழற்றிய மீட்டரைப் பத்திரமாக வைத்திருக்கும்படியும் எழுதுங்கள், பலர் இந்த வரியை மறந்துவிடுகிறார்கள். கோபமான சொற்கள் வேண்டாம். சமரசம் பேசும் கடிதத்தைத் தனியாக, "உரிமைக்குப் பங்கமில்லை" (without prejudice) என்ற தலைப்பிட்டு அனுப்புங்கள். ஒரே தாளில் மறுப்பையும் தவணைக் கோரிக்கையையும் எழுதினால் பின்னால் அது ஒப்புதலாக வாசிக்கப்படும்.

மின்சாரத்தையும் குழாய்வழி எரிவாயுவையும் கண்காணிக்கும் எரிசக்தி ஆணையம் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதனிடம் புகார் கொடுப்பது நல்லது. ஆனால் புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக நீதிமன்றக் கெடு நிற்காது.

6. நீதிமன்றம்

தொகை 100,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், பத்து லட்சம் வெள்ளிக்குள் என்றால் செஷன்ஸ், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். ஈப்போவில் மூன்றும் உண்டு.

வழக்கு மனு கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் ஆஜராகும் குறிப்பைத் தாக்கல் செய்யவேண்டும், அந்தக் கெடு முடிந்து 14 நாளுக்குள் எதிர்வாதம். கணவரை இழந்த ஓர் அம்மா, சம்மனை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று இருந்தார். அவர் எங்களிடம் வந்தபோது எதிர்வாதம் இல்லாமலே தீர்ப்பு ஆகியிருந்தது. தீர்ப்பு கைக்கு வந்து 30 நாளுக்குள் அதை ரத்துசெய்ய மனுப்போட விதி இடம் தருகிறது. அன்றைக்கு 26ஆம் நாள். இரவெல்லாம் உட்கார்ந்து சத்தியப் பிரமாணப் பத்திரம் தயாரித்தோம், மனு ஏற்கப்பட்டது. அந்த நான்கு நாள் இடைவெளியை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே முதல் சந்திப்பிலேயே கெடு தேதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி, கட்சிக்காரர் வீட்டு நாட்காட்டியிலும் குறிக்கச் சொல்லுங்கள்.

காலவரையறையை மறக்காதீர்கள். 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 6ஆம் பிரிவின்படி ஒப்பந்தக் கோரிக்கைக்கும், எழுத்துச் சட்டத்தின் கீழ் வசூலிக்கத்தக்க தொகைக்கும் ஆறு ஆண்டுகள். ஆனால் எதிர்வாதத்தில் வெளிப்படையாக எழுப்பினால்தான் இந்தத் தற்காப்பு கிடைக்கும். நீதிபதி தானாக எடுத்துத் தரமாட்டார்.

7. சாட்சிக் கூண்டில் நம் தமிழ்

நடவடிக்கை மலாயில் நடக்கும், நம் கட்சிக்காரர் தமிழில் சொல்வார், நடுவே மொழிபெயர்ப்பாளர் நிற்பார். இந்த இடத்தில் வழக்கு தோற்பதைப் பார்த்திருக்கிறேன். "மாட்டுக்கொட்டகைக்கு லைன் இழுத்தோம்" என்று ஒரு பெரியவர் சொன்னார். மீட்டரில் பதிவாகி வீட்டுக்குள் வந்த மின்சாரத்திலிருந்து ஒரு விளக்குக்காகக் கம்பி கொண்டுபோனதை அவர் சொன்னார். மலாயில் கேட்டவருக்கு அது திருட்டு இணைப்பாகத் தெரிந்தது. "மீட்டரைத் துடைத்தேன்" என்பது "மீட்டரில் கை வைத்தேன்" என்று ஆகிவிடும். சாட்சி அறிக்கையைத் தயாரிக்கும்போது அவர் பேசும் சொல்லையே வைத்து, அது எந்தக் கம்பி, எங்கிருந்து எங்கே என்பதை வரைபடத்தோடு எழுதுங்கள். மலாய் அறிக்கையை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் தலையசைத்தால் போதும் என்று விடாமல், திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

8. கட்டணம்

வென்றால் பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்ற ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டம் 112ஆம் பிரிவு தடுக்கிறது. இரக்கத்தால்கூட அப்படிப் பேசிவிடாதீர்கள். நிலைக்கு ஏற்ற கட்டணத்தை எழுத்தில் கொடுங்கள். 6,000 வெள்ளிக் கோரிக்கைக்கு 8,000 வெள்ளி செலவழித்து வாதாடுவது கட்சிக்காரருக்கு நாம் செய்யும் தீங்கு. அப்படிப்பட்ட இடத்தில் கணக்கைக் குறைக்கவும் தவணை பெறவும் ஒரு நல்ல கடிதமே போதும். அதற்கும் வழியில்லாதவரை வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கு அனுப்புங்கள்.

9. கம்பிக்கு அடியில் உள்ள நிலம்

மீட்டர் வழக்கில் கை பழகியதும் மற்றவை வரும். 132, 275, 500 கிலோவோல்ட் உயர்மின் கம்பிகள் செம்பனைத் தோட்டங்களையும் சிறு நிலங்களையும் கடந்து போகின்றன. மலாயில் ரெந்திஸ் என்று சொல்லும் அந்தப் பாதைக்காக மரம் வெட்டப்படும், கம்பிக்குக் கீழே வீடு கட்ட முடியாது. ரவாங் அருகே கம்போங் பெண்டஹாரா பாரு, கம்போங் சுங்கை தெரெந்தாங் மக்கள் பல ஆண்டுகள் போராடியது இப்படிப்பட்ட கம்பிப்பாதையை எதிர்த்துத்தான். அறிவிப்பு வந்ததும் ஆட்சேபத்துக்கான கெடுவைப் பாருங்கள், மரங்களை எண்ணி வயதோடு பட்டியலிடுங்கள், மாவட்ட நில நிர்வாகியின் விசாரணைக்குக் கட்சிக்காரரோடு போங்கள். நிலத்தையே எடுத்துக்கொண்டால் 1960ஆம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டம் வரும். விசாரணையில் கலந்துகொண்டவர் இழப்பீட்டுத் தீர்மானத்தை எதிர்க்க 'N' என்ற எழுத்திட்ட படிவத்தை ஆறு வாரத்துக்குள் கொடுக்கவேண்டும். பணத்தை வாங்கும்போது ஆட்சேபத்துடன் வாங்குகிறேன் என்று எழுதச் சொல்லுங்கள், அதை எழுதாமல் கையெழுத்திட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

தோட்டத்துக்குள் குடியிருப்பவர்களின் மின்சாரம் வேறு கதை. என் சிறுவயதில் தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் ஓடத் தொடங்கி இரவு பத்து மணிக்கு நின்றுவிடும், அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தோம். தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான மின்சாரம் தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் சொல்கிறது. அங்கே வரும் தகராறில் எதிர்த்தரப்பு மின் நிறுவனமாக இருக்காது, தோட்ட நிர்வாகமாக இருக்கலாம். முதல் வேலை, கம்பி யாருடையது என்று கண்டுபிடிப்பது.

செம்பனை ஆலைக் கழிவுநீரிலிருந்து எடுக்கும் உயிரி எரிவாயுவில் (பயோகேஸ்) மின்சாரம் செய்து விற்கும் ஒப்பந்தங்களும் இப்போது நம் பக்கம் வருகின்றன. அவை 2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுபவம் உள்ள ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள், தனியாகத் தொடவேண்டாம்.

10. கோப்பை மூடுமுன்

கீழ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 14 நாள்தான். மேல்முறையீடு செய்ததால் மட்டும் தீர்ப்பின் நிறைவேற்றம் நிற்காது, தடைகோரித் தனியாக மனுச் செய்யவேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ஒதுக்கி, கட்சிக்காரரோடு மின் நிறுவனத்தின் முகப்புக்குப் போங்கள். இறந்த தந்தையின் பெயரில் உள்ள கணக்கை மூடி, இப்போது குடியிருப்பவர் பெயரில் திறக்கச் செய்யுங்கள். அன்று மாலையே மீட்டரின் எண்ணையும் முத்திரையையும் தொடக்க அளவையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, ஒரு பிரதியை அவர் பிள்ளைகளின் கைப்பேசிக்கு அனுப்பி, இன்னொன்றை அச்சிட்டுக் கோப்பின் கடைசித் தாளாகச் சேர்த்துவிடுங்கள்.